அறுபத்து நான்கு வீடுகளுக்கும் ஒரே தலைவி

தொண்ணூறுகளின் நடுவில், மலேசியாவின் சிரம்பானில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் வகுப்பை முடித்த கையோடு, லிங்கி ஆற்றுப் பக்கம் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தது. நான் கெமாஸ் ரயில்வே குவாட்டர்சில் வளர்ந்தவள். அதற்கு முன்பு கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் தவிர தோட்டத்துக்குள் கால் வைத்ததில்லை. ஆகவே அங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் எனக்கு மட்டும் தெரியாமல் இருந்தது.

தோட்டத்தில் பாதியை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகள் அறுபத்து நான்கும் இடிபடப் போகின்றன. அவற்றில் குடியிருப்பவர்களுக்குப் பக்கத்திலேயே வரிசை வீடுகள் கட்டித் தருவதாகப் பேச்சு. யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்ற பட்டியலைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது தோட்ட மேனேஜரான துரையின் கட்டளை. பட்டியலில் பேர் இல்லாதவருக்கு வீடு இல்லை. அந்தப் பட்டியலைத் தரும் புரோகிராமை எழுதத்தான் என்னை எடுத்தார்கள். மற்ற விண்ணப்பங்களில் சம்பளம் அதிகம் கேட்டிருந்தார்களாம்.

ஆபீசின் கோடியில் முன்பு மருந்தறையாக இருந்த அறையை எனக்கு ஒதுக்கினார்கள். கம்ப்யூட்டருக்காக ஜன்னல்களை ஆணி அடித்து மூடி, ஏர்கோன் பொருத்தியிருந்தார்கள். டெட்டால் வாடை சுவரைவிட்டுப் போகவேயில்லை. வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே நான் சுவெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மதியத்தில் ரப்பர்க் கொட்டைகள் வெடித்துத் தகரக் கூரைமேல் விழும். முதல் வாரம் அந்தச் சத்தத்துக்கு ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தேன். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் யாரோ கூப்பிட்டு நிறுத்துவது போல ஒற்றைச் சத்தம்.

நான் சிரம்பானை ஒட்டிய ரஹாங்கில் என் வகுப்புத் தோழியோடு ஓர் அறையில் தங்கியிருந்தேன். அவள் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தாள். வகுப்பில் கடைசி மாதம் கிளாஸ், ஆப்ஜெக்ட் என்று நடத்தியபோது நான் அம்மை போட்டு வீட்டில் கிடந்தேன். அதனால் என் சந்தேகங்களெல்லாம் அவள் தலையில்தான் விடிந்தன. மாலையில் அவள் சோறு வடிக்கும்போது பக்கத்தில் நின்று கேட்பேன்.

"கிளாஸ்னா என்னடி, எனக்குப் புரியிற மாதிரி சொல்லு."

"ஆபீசுல நிரப்பச் சொல்லுவாங்கல்ல, அந்தப் பாரம் மாதிரின்னு வச்சிக்கயேன். வெறும் பாரம். பேரு, வயசு, வீட்டு நம்பர்னு கட்டம் போட்டிருக்கும். நீ அத நிரப்பினா அது ஓர் ஆளு. அதான் ஆப்ஜெக்ட்."

"அப்ப டேட்டாபேஸ்ல இருக்கிற ரெக்கார்டு?"

"நிரப்புன பாரத்த ஃபைல்ல கட்டி வைக்கிறோம்ல, அது. மெஷின அடைச்சாலும் இருக்கும். ஆப்ஜெக்ட்டு அப்படி இல்ல. நீ கூப்பிட்டாத்தான் எழுந்து வரும், வேல முடிஞ்சா போயிடும்."

"வீட்ட ஆளுக்குள்ள வைக்கிறதா, ஆள வீட்டுக்குள்ள வைக்கிறதா?"

"அது ஒன் இஷ்டம்லா. ஆனா ஒரு தடவ வச்சிட்டேன்னா, அப்புறம் மாத்துறது தலவலி."

நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். வீடு; வீட்டுக்குள் ஒரு குடும்பத் தலைவர்; தலைவருக்குக் கீழே மனைவி, பிள்ளைகள். பிள்ளையைப் பதிய வேண்டுமென்றால் முதலில் தலைவர் எண்ணைத் தட்ட வேண்டும். எண் இல்லாவிட்டால் மெஷின் 'பீப்' என்று கத்தி மறுத்துவிடும். தோட்டத்துப் பழைய பதிவேடும் அப்படித்தான் இருந்தது என்பதால் சரியாகத்தான் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

பதிவேட்டை எனக்கு வாசித்துக் காட்டியவர் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி. ஐம்பது தாண்டியவர், தோட்டத்து ஆபீசில் முப்பது வருட சர்வீஸ். ஆள் எண்ணையும் பேரையும் கோடு கிழித்தாற்போல் ஒரே குரலில் வாசிப்பார். "நூத்திப் பதினாறு... நூத்திப் பதினேழு..." அங்கே அவர் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டியதை நான் பார்த்தேன். "நூத்திப் பத்தொம்பது."

"பதினெட்டு விட்டுட்டீங்க ஐயா."

"அது இல்லம்மா."

"வேலைய விட்டுப் போயிட்டாங்களா? போனவங்களையும் போட்டு, போயிட்டாங்கன்னு குறிக்கச் சொன்னாரு தொர."

"இல்லன்னு சொன்னேன்ல. நூத்திப் பத்தொம்பது, போடு."

அவர் சாப்பிடப் போனபிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒரு பெண்ணின் பேர். பால் வெட்டு. அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. மற்றவர்களுக்கு இறந்தார், ஊர் போனார், வேறு தோட்டம் போனார் என்று ஓரத்தில் காரணம் எழுதியிருந்தது. இந்தப் பெண்ணுக்கு ஓரம் வெறுமையாக இருந்தது. கோடு மட்டும். ரூலர் வைத்துப் போட்ட கோடு, பாதியில் கொஞ்சம் ஆடியிருந்தது. நான் மூடி வைத்துவிட்டேன். அந்தப் பேரை நான் தட்டவில்லை. இதை அன்றும் உறுதியாகச் சொன்னேன், இன்றும் சொல்வேன்.

ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் ஏற்றி முடித்தோம். ஒரு பிற்பகல் முதல்முறையாகப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்தேன். கரகரவென்று தாள் வந்து தரையில் மடிந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தேன்.

வீடு எண் ஒன்று. தலைவர்: நூற்றுப் பதினெட்டு. அந்தப் பெண்ணின் பேர்.

வீடு எண் இரண்டு. தலைவர்: நூற்றுப் பதினெட்டு. அதே பேர்.

தாளை இழுத்துக்கொண்டே போனேன். மூன்று, நான்கு, பத்து, முப்பது. கீழே மனைவி, பிள்ளைகள் பேரெல்லாம் சரியாக இருந்தன. மேலே தலைவர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் அறுபத்து நான்கு வீட்டிலும் அவள் ஒருத்தி. நான் தட்டாத பேர். 

கிராணியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முதல் தாளைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்த நேரம் பார்த்துப் பெரட்டு மண்டோர் உள்ளே வந்தார். தினமும் விடியற்காலையில் ஆபீஸ் வாசலில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிடுவார்களே, பெரட்டு, அதை நடத்துபவர் அவர்தான். தாளை எட்டிப் பார்த்தவர், கொடுத்தபோது வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இத யாரும்மா போட்டது?"

"நான் போடலண்ணே. அதுவா வந்திருக்கு."

"அதுவா வந்திருக்கா." அவர் கிராணியைப் பார்த்தார். கிராணி ஜன்னலைப் பார்த்தார்.

என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் மண்டோர்தான் சொன்னார். இருபது வருடத்துக்கு முன்பு நடந்தது. அவள் புருஷன் லாரி கவிழ்ந்து செத்துப்போனான். ஒன்பது மாதக் கைக்குழந்தையைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால் வெட்டப் போவாள். ஒருநாள் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வாளி கழுவ ஓடைக்குப் போனாள். உச்சி வெயில் நேரம். கழுவிய வாளிகள் இரண்டும் கரையில் கவிழ்த்து வைத்திருந்தன. மேலே அவளுடைய தலைத்துணி, நாலாக மடித்து. ஆளைக் காணவில்லை. ஓடையில் முழங்கால் தண்ணீர்தான். மூன்று நாள் தேடினார்கள். போலீஸ் வந்தது, போனது.

"புள்ளைய ஒரு வீட்டுல ரெண்டு மாசம், இன்னொரு வீட்டுல மூணு மாசம்னு மாத்தி மாத்தி வச்சிருந்தாங்க. அப்பத்தான் ஆரம்பிச்சுச்சு. சாயங்காலம் வெளக்கு வைக்கிற நேரத்துக்குக் கதவு தட்டும். தொறந்தா ஆளிருக்காது. ஒரு வீடு பாக்கியில்ல. எல்லா வீட்டுலயும் தேடிப் பாத்திருக்கா. இப்ப நீ எல்லா வீட்டுலயும் அவள எழுதி வச்சிருக்க."

"நான் எழுதலண்ணே."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் அவர்.

மறுநாள் லயம் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. பெண்கள் ஆபீஸ் படியேறுவதை நிறுத்திக்கொண்டார்கள். ஐசி என்கிற அடையாள அட்டையின் நகலைக் கொடுக்க வந்த ஓர் அம்மா அதை வாசற்படியில் வைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலை தோழி நான் எழுதியதைத் தாளில் படித்துப் பார்த்தாள். ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

"தலைவர்ங்கிற கட்டத்த நீ ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியா வைக்கல. கிளாஸுக்கே பொதுவா ஒண்ணு வச்சிருக்க. கட்டம் பாரத்துல இருக்கணும்டி. நீ சுவத்துல எழுதி மாட்டியிருக்க. கடசியா யாரு பேர எழுதினியோ, எல்லா வீட்டுக்காரங்களும் அதே பேரத்தான் பாக்குறாங்க."

எனக்கு உயிர் வந்தது. சிரித்தேன்கூட. அவள் சிரிக்கவில்லை.

"ஆனா கடசியா அந்தப் பேர எழுதினது யாரு? ஃபைல்ல இல்லாம அது வராதே."

அதை நான் யோசிக்கவேயில்லை. பிழை அவளை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய் விட்டிருக்கலாம். ஆனால் உள்ளே யார் விட்டது?

மறுநாள் கட்டத்தைச் சரிசெய்து ஓட்டினேன். எல்லா வீட்டுக்கும் அவரவர் தலைவர் வந்துவிட்டார்கள். நாற்பத்தொன்றாம் எண் வீட்டில் மட்டும், அந்த வீட்டுத் தலைவருக்குக் கீழே இரண்டாவது தலைவராக நூற்றுப் பதினெட்டு. ஃபைலைத் திறந்தேன். கடைசி ரெக்கார்டு அவள்தான். பேர், எண், வீடு. கடைசியாக வேலைக்கு வந்த நாள் என்ற இடத்தில் அன்றைய தேதி இருந்தது.

அழித்தேன். திரையிலிருந்து போய்விட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து பட்டியலை ஓட்டினால் நாற்பத்தொன்றில் மறுபடி நின்றாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது தோழியிடம் சொன்னேன். "அழின்னு சொன்னா அது அழிக்காது. அழிக்கணும்னு ஒரு நட்சத்திரக் குறி மட்டும் போட்டு வைக்கும். ஆள் அங்கயேதான் இருக்கும், கண்ணுக்கு மறைச்சு வச்சிருக்கும். ஒன் பட்டியல் அந்தக் குறிய பாக்காம எல்லாரையும் கூப்பிடுது. ஃபைல மொத்தமா அமுக்கி எழுதச் சொல்லு, அப்பத்தான் நெசமாப் போவாங்க" என்றாள்.

"தேதி?"

"தேதி காலியா இருந்தா இன்னைய தேதியப் போட்டுக்கன்னு எழுதியிருக்கியா?"

எழுதியிருந்தேன். நேரம் மிச்சமாகுமே என்று நானேதான் எழுதியிருந்தேன்.

காலையில் போய் ஃபைலை அமுக்கி எழுதினேன். ரெக்கார்டுகளின் மொத்த எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு இல்லை. பகல் ஒரு மணிக்குச் சாப்பிடப் போய் இரண்டு மணிக்கு வந்தேன். இருந்தாள். புதிய தேதியோடு.

அந்த வாரத்தில்தான் மண்டோர் என்னிடம் இன்னொன்று சொன்னார். ஆபீசுக்குள் வராமல் வாசலில் நின்றபடியே சொன்னார். இரண்டு நாளாகக் காலையில் பனி மூட்டமாக இருந்ததாம். பெரட்டில் தலையை எண்ணினால் நாற்பத்து மூன்று. பேர் கூப்பிட்டால் நாற்பத்து இரண்டு. மறுபடி எண்ணியும் நாற்பத்து மூன்று. டார்ச் லைட்டை அடித்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தால் நாற்பத்து இரண்டு.

"பனியில தப்பா எண்ணியிருப்பீங்கண்ணே."

"இருவத்தாறு வருஷமா எண்ணுறேன்மா. ஒரு நாள் தப்பா எண்ணுவேன். ரெண்டு நாளு?"

இது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கம்ப்யூட்டரில் வந்த கோளாறுகளுக்கெல்லாம் தோழி ஏதோ ஒரு விடை சொல்லிவிடுவாள். இதைச் சொன்னபோது அவள், "அது என் டிபார்ட்மென்ட் இல்லடி" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

ஐந்தாறு தடவை அழித்திருப்பேன். அழித்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ மத்தியானத்தில் வந்துவிடுவாள். எனக்கு அந்த அறைக்குள் போகவே பிடிக்காமல் போயிற்று. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன்; ஏர்கோன் வீணாகிறது என்று துரை சத்தம் போடுவார். வேலையை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். அம்மாவுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல்தான் விடவில்லை.

ஒருநாள் தோட்டத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் புறப்பட்டவள், பாதி வழியில் மழை இருட்டிக்கொண்டு வர, குடை எடுக்கத் திரும்பி வந்தேன். ஆபீசில் ஆளில்லை. துரையும் வெளியே போயிருந்தார். என் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கீபோர்டு சத்தம் கேட்டது.

வேகமாகத் தட்டுகிற சத்தமில்லை. ஒரு தட்டு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. இன்னொரு தட்டு. எழுத்துத் தெரியாத ஒருவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் கண்டுபிடிப்பது போல. கூரைமேல் ஒரு கொட்டை விழுந்தது. உள்ளே சத்தம் நின்றது. பிறகு மறுபடி ஒரு தட்டு. மணி ஒன்றரை, பட்டப்பகல். ஓடினால் வாழ்நாள் முழுக்க அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருந்ததென்று தெரியாமலே போய்விடும் என்று தோன்றியது. கதவைத் தள்ளினேன்.

கிராணி உட்கார்ந்திருந்தார். இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பழைய பதிவேடு திறந்திருந்தது.

"கதவச் சாத்தும்மா. குளுர் போயிடும்" என்றார்.

நான் சாத்தினேன். "ஏன் ஐயா இப்படிப் பண்றீங்க? நான் எவ்ளோ பயந்துபோயிட்டேன் தெரியுமா?"

"நீ எதுக்குப் பயப்படுற? நான்லா பயப்படணும்." அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நாப்பத்தொன்னுல ஒரு பொண்ணு இருக்கு பாத்திருக்கியா? களைக்கு மருந்து அடிக்கிற பொண்ணு. கண்டிராக்டு ஆளுங்களோட போகும்."

பார்த்திருந்தேன். முதுகில் மருந்து டின்னோடு, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு போகும் பெண். தோட்டத்து ஆள் இல்லை, கண்டிராக்ட் ஆள் என்று நினைத்திருந்தேன்.

"அதுதான் அந்தக் கைப்புள்ள. யாரும் பொறப்புப் பத்திரம் எடுக்கல. பத்திரம் இல்லாததால ஐசி இல்ல. ஐசி இல்லாததால சம்பளம் போடுற செக்ரோல்ல பேரு இல்ல. இங்கதான் பொறந்துச்சு, இங்கதான் இருக்கு, ஆனா எந்தக் காயிதத்துலயும் இல்ல. வீடு குடுக்கையில அது எங்க போவும்? சரி, அத மட்டும் போட்டுடலாம்னு பாத்தேன். ஒன் மெஷினு தலைவர் நம்பர் கேக்குது. நம்பர் இல்லன்னா கத்துது. அது வளர்ற வூட்டுக்காரன் நம்பரப் போட்டா, நாளைக்கு அவன் எம் புள்ள இல்லன்னு சொல்லிட்டா? அதான் தாயப் போட்டேன். எனக்கு இதுல வேகமாத் தட்ட வராது. தாயப் போடவே ஒரு மணி ஆயிடுது. மறுநாள் புள்ளையப் போடலாம்னு வந்தா தாயக் காணோம்."

நான்தான் அழித்திருந்தேன். ஒவ்வொரு முறையும் பிள்ளை வருவதற்குள்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீ தொரகிட்டக் கேப்ப. தொர வேணாம்பாரு. அன்னைக்கும் அப்படித்தான். ஆளக் காணோம், என்னான்னு எழுதுறதுன்னு கேட்டேன். ஒண்ணும் எழுதாத, அடிச்சிடுன்னாரு அப்ப இருந்த தொர." அவர் பதிவேட்டைத் தொடாமல் விரலால் காட்டினார். "நான்தாம்மா கோடு போட்டேன்."

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் வேறு எதுவும் கேட்காத அளவுக்குப் பெய்தது. அவர் வாயசைத்து இன்னும் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. திருப்பிச் சொல்லச் சொல்லி நான் கேட்கவும் இல்லை.

அன்று ரஹாங்குக்குப் போனதும் தோழியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டாள்.

"அம்மா அப்பா இல்லாம ஓர் ஆள் இருக்க முடியாதாடி? ஒன் கிளாஸ்லதான் இருக்க முடியாது. எங்கூர்லயே எத்தன பேரு அப்படி இருக்காங்க."

"பழைய பதிவேடு அப்படித்தானே இருந்துச்சு."

"அதுல தப்பு இருந்தா நீயும் அதையே எழுதுவியா? ஆளுன்னா ஆளு. தனி நம்பர், தனி பாரம். யாருக்கு யாரு என்ன வேணும்கிறது இன்னொரு ஃபைல்ல இருக்கட்டும். வீடு இன்னொண்ணு. அப்ப யாரும் யாருக்குள்ளயும் ஒளிஞ்சிக்க வேணாம்."

நான் முழுவதையும் கலைத்துவிட்டுத் திரும்ப எழுதினேன். மூன்று வாரம் ஆயிற்று. அறுபத்து நான்கு வீட்டாரையும் மறுபடி பிரித்து, மனைவிமார்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனி எண் கொடுத்தேன். இருபது முப்பது வருடம் பால் வெட்டிய பெண்கள் பலருக்கு அதுவரை சொந்த எண் கிடையாது, புருஷனுடைய எண்ணுக்குக் கீழே ஒரு வரிதான் என்பதை அப்போதுதான் கவனித்தேன். கிராணி வாசித்தார், நான் தட்டினேன். நூற்றுப் பதினேழுக்குப் பிறகு அவர் நிறுத்தினார். குரலில் எந்த மாற்றமும் இல்லாமல், "நூத்திப் பதினெட்டு" என்று வாசித்தார்.

நிலை என்ற கட்டத்தில் வேலையில் இருக்கிறார், ஓய்வு, இறந்தார், வேறு இடம் என்று நான்குதான் வைத்திருந்தேன். அவளுக்காக ஐந்தாவதாக ஒன்று சேர்க்க வேண்டியிருந்தது: 'தெரியவில்லை'. மகளுக்குத் தனி எண் கொடுத்தோம். தாய் என்ற இடத்தில் நூற்றுப் பதினெட்டு, வீடு நாற்பத்தொன்று. மெஷின் கத்தவில்லை.

துரை பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். அவர் தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் வேலைக்காரர்களிடம் மட்டும்தான் பேசுவார். அன்று என்னிடமும் தமிழிலேயே கேட்டார்.

"இது என்ன, தெரியலன்னு ஒரு ஆளு? தூக்கிடு."

"தூக்கினா அவங்க மகளோட ரெக்கார்டும் கெட்டுடும் சார். பட்டியலே ஓடாது."

அது பொய். தாய் என்ற இடம் காலியாகும், அவ்வளவுதான். பட்டியல் அது பாட்டுக்கு ஓடும். ஆனால் தாய் இல்லாமல் போனால், ஆதாரம் எங்கே என்று அவர் மகளையும் அடித்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார். அதைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதை ஒப்புக்கொள்ள அவருக்கு மனமில்லை. கையெழுத்துப் போட்டார்.

விஷயம் எப்படியோ தெரிந்து ஒரு சனிக்கிழமை மதியம் அந்தப் பெண் ஆபீசுக்கு வந்தாள். லயத்துப் பெண்களில் பல வாரங்களுக்குப் பிறகு அந்தப் படியேறியவள் அவள்தான். மருந்து வாடை அடிக்கும் கால்சட்டையோடு அறை வாசலில் நின்றாள்.

"அக்கா, எங்கம்மா இதுல இருக்காங்களாமே. பாக்கலாமா?"

உள்ளே கூப்பிட்டுத் திரையில் அந்த வரியைக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பத்திரம் கேட்டார்கள் என்பதால் போகவில்லை.

"இதா?"

"இதுக்கு மேல உள்ளது. ஆங், அதுதான்."

"இது பேரு. இது?"

"நம்பர்."

"இது என்னக்கா?"

"தெரியலன்னு போட்டிருக்கு. எங்க இருக்காங்கன்னு தெரியலன்னு."

அவள் தலையாட்டினாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். திரையைத் தொடலாமா என்று கேட்டாள். தொடு என்றேன். கண்ணாடியில் விரலை வைத்ததும் பட்டென்று லேசாக ஷாக் அடித்தது. அந்தக் காலத்துத் திரைகள் எல்லாமே அப்படித்தான், ஏர்கோன் அறையில் இன்னும் அதிகம். நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் விரலை எடுக்கவில்லை. முகத்தில் பயமும் இல்லை. நான் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

"எல்லார் வூட்டுக் கதவயும் தட்டுனாங்கன்னு சொல்வாங்கக்கா" என்றாள் திரையைப் பார்த்தபடியே. "நான் இருந்த வூட்ட மட்டும் தட்டவேயில்ல. அங்க மாத்துனா இங்க தட்டுவாங்களாம், இங்க மாத்துனா அங்க. சின்னப்புள்ளயில வாசல்லயே ஒக்காந்திருப்பேன். வந்தா தட்டாமலே உள்ள வரட்டும்னு."

"பிரிண்ட் எடுத்துத் தரவா?" என்று மட்டும் கேட்டேன். எடுத்துக் கொடுத்தேன். அந்தத் தாளை ஓரத்து ஓட்டைப் பட்டையைக்கூடக் கிழிக்காமல் சுருட்டி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

அவளுக்கு வீடு கிடைத்தது. தனி வீடு இல்லை. துணையில்லாத இன்னொரு பாட்டியம்மாளோடு பாதி வீடு. கிராணி ஓய்வு பெறுவதற்கு முன்பு அவள் அங்கேதான் பிறந்தாள் என்று சத்தியப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார், மண்டோரும் போட்டார். அதையும் என் பட்டியலையும் வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்து ஐசி வாங்க அவளுக்கு ஏழெட்டு வருடம் ஆனதாகக் கேள்விப்பட்டேன். நான் அதற்குள் சிரம்பானில் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

நான் சேர்த்த அந்த ஐந்தாவது நிலையைப் பற்றி மட்டும் எனக்கும் தோழிக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. காலி இடத்தைக் காலியாக விடுவதுதான் முறை, 'தெரியவில்லை' என்று ஒரு நிலையை எழுதி வைப்பது நல்ல டிசைன் இல்லை என்பாள் அவள். காலியாக விட்டால், கேட்டோமா கேட்கவில்லையா என்பதே பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது என்பேன் நான். "கேட்டோம், பதில் கிடைக்கல. அதையாவது எழுதி வைக்கணுமில்லையா?" என்று கடைசியாகப் போனில் பேசியபோதும் சொன்னேன். அவள், அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று போனை வைத்துவிட்டாள்.